முடியாது என்று சொல்ல ஒரு சீட்டு: தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும் வணக்கம்.

அரசு வேலையில் இருந்தபோது நான் பொய்ச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 31 வருடம் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஊரில் நர்சம்மா. ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவம் ஆன பெண்ணை மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். இருபத்தோராம் நாள் போகும்போது குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்டு, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, உதிரப்போக்கு எப்படி என்று கேட்டு முடித்து எழுந்திருக்கையில் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். மாமியார் அடுப்படிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, மெதுவாக, "நர்சம்மா, மூணு மாசத்துக்குச் சேரக்கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்." ஆரம்பத்தில் நான் விவரம் புரியாமல், "நீயே சொல்லேம்மா" என்று சொல்லியிருக்கிறேன். "நான் சொன்னா எடுபடாது. சீட்டுன்னா பயப்படுவாரு."

சரி என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் எழுதி, துணை சுகாதார நிலையத்து முத்திரையையும் அழுத்திக் கொடுத்தேன். பச்சை உடம்புக்காரிக்கு எழுதியதில் பொய் எதுவும் கிடையாது, அது வைத்தியம்தான். ஆனால் விஷயம் பரவியது. பிரசவம் ஆகாதவர்களும் வந்தார்கள். பிள்ளைகள் பத்தாவது படிக்கிற வயதில் இருக்கும் அம்மாக்களும் வந்தார்கள். கர்ப்பப்பையில் புண், ரத்தம் குறைவு, நீர்க்கட்டி என்று என்னென்னவோ எழுதினேன். ஒரு பெண் அந்தச் சீட்டை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்தாள். ராத்திரியில் எடுத்துக் காட்டுவாளாம். அவள் கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாராம்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது. மனைவியின் பேச்சுக்கு இல்லாத மதிப்பு ஒரு ரப்பர் ஸ்டாம்புக்கு இருக்கிறது என்பதுதான் அவர் கற்றுக்கொண்டது. யாரிடம் கற்றார் என்று பின்னால் வருகிறேன். கற்றுக்கொடுத்தவர்களில் நீங்களும் உண்டு.

சீட்டு ஒன்றுதான் வழி என்று இல்லை. எங்கள் பக்கம் மேல்மருவத்தூருக்கு மாலை போடும் பெண்கள் அதிகம். செவ்வாடை கட்டி, மாலை போட்டுக்கொண்டால் வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை போட்டவள் இரண்டு முறை, மூன்று முறை போடும்போது எனக்குப் புரிந்துவிடும். அதேபோல, கார்த்திகை பிறந்து கணவர் சபரிமலைக்கு மாலை போட்டார் என்றால் பெண்கள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். ஒரு மண்டலம் முழுக்க நிம்மதி. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மாதவிலக்கு மூன்று நாளை "எனக்கு லீவு" என்று சொன்ன பெண்ணும் இருந்தாள். அவளுக்கு அந்த லீவு அடிக்கடி ஐந்து நாளாக நீளும். தீட்டு என்று ஒதுக்கி வைப்பது தவறு என்று கூட்டம் போட்டு நானே பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வந்த அன்று அவள் கேட்டாள்: "இருக்கிற மூணு நாளையும் பிடுங்கிறாதீங்க நர்சம்மா."

அன்றிலிருந்து என் பேச்சில் கொஞ்சம் வேகம் குறைந்தது.

ஆண்களால் அடக்கிக்கொள்ள முடியாது, அது இயற்கை, பெண்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முடியாதா? ஐயப்பனுக்காக ஒரு மண்டலம் முடிகிறது. ஆடி மாதத்துக்காக முடிகிறது. நர்ஸின் சிவப்பு மைக்காக மூன்று மாதம் முடிகிறது. சாமி சொன்னால், காலண்டர் சொன்னால், டாக்டர் சொன்னால் நிறுத்தத் தெரிகிறது. பக்கத்தில் படுத்திருப்பவள் சொன்னால் மட்டும் நிறுத்தத் தெரியவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். எனக்குச் சட்டம் தெரியாது. என் அண்ணன் மகள் வக்கீல். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொல்லித் தந்தாள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு வல்லுறவு எது என்று சொல்கிறது. சம்மதம் என்றால் என்ன என்பதற்கு அதிலேயே நல்ல விளக்கம் இருக்கிறது. பெண் சொல்லாலோ சைகையாலோ சந்தேகத்துக்கு இடமின்றித் தானாக முன்வந்து தெரிவிப்பதுதான் சம்மதம். அவள் உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்த பாதிப் பெண்களின் கதை அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்தது. அதற்குக் கீழே இரண்டாவது விதிவிலக்கு என்று ஒரு வரி. மனைவிக்குப் பதினெட்டு வயதுக்குக் குறையாமல் இருந்தால், கணவன் அவளோடு கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது. மேலே சொன்ன நல்ல விளக்கம் முழுவதும் அந்த ஒரு வரியில் தாலி கட்டியவளுக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது.

இது நம் பண்பாடு என்பவர்களுக்கு: இந்த வரி வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. கல்யாணத்தின்போதே மனைவி தன்னைக் கொடுத்துவிட்டாள், இனி அதைத் திரும்பப் பெற முடியாது என்று மேத்யூ ஹேல் என்ற 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி எழுதி வைத்த கருத்துதான் மூலம். இங்கிலாந்தே 1991-இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. நேபாளத்தில் 2002-இல் உச்ச நீதிமன்றம் கணவன் செய்தாலும் குற்றம்தான் என்றது. நாம் செய்ததெல்லாம் மனைவியின் வயதை ஏற்றியது மட்டும். 1860-இல் அந்த வரியில் இருந்த வயது பத்து. பத்து, பதினொரு வயதே ஆன புல்மோனி தாசி என்ற வங்காளச் சிறுமி முப்பது வயது தாண்டிய கணவனால் ரத்தப்போக்கில் செத்த பிறகு, 1891-இல் அது பன்னிரண்டானது. அதற்கே, மதத்தில் கை வைக்கிறார்கள் என்று திலகர் போன்றவர்கள் கொதித்தார்கள். அப்புறம் பதின்மூன்று, பதினைந்து. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதினெட்டு. ஒவ்வொரு முறையும் குடும்பம் உடைந்துவிடும் என்றுதான் சொன்னார்கள்.

2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் கனிமொழி இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். நம் நாட்டுக் கல்வி நிலை, வறுமை, சமூக வழக்கங்கள், மத நம்பிக்கை, திருமணத்தைப் புனிதமாகக் கருதும் மனப்பான்மை, இவற்றால் இந்தக் கருத்தை இங்கே பொருத்த முடியாது என்று உள்துறை இணை அமைச்சர் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஒரு முத்திரையைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததை நான் கேட்டிருக்கிறேன். கல்வி நிலையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றத்துக்கும் போயாயிற்று. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளில் ஒருவர் இந்த வரி செல்லாது என்றார், இன்னொருவர் செல்லும் என்றார். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில், கணவன் மனைவிக்குள் நடப்பதை வல்லுறவு என்பது மிகக் கடுமையானது என்ற பொருளில் பிரமாணப் பத்திரம் போட்டது. விசாரணை தொடங்கி, தலைமை நீதிபதி ஓய்வு பெறவிருந்ததால் ஒத்திவைக்கப்பட்டது. இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் அதே உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை வல்லுறவு என்பதில் கணவன் செய்ததும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதாவது அரசு ஆஸ்பத்திரியில் அது வல்லுறவு. பக்கத்துத் தெருவில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷனில் அது வல்லுறவு இல்லை. ஒரே பெண், ஒரே ராத்திரி.

இதையெல்லாம் டெல்லிக்குத்தானே எழுத வேண்டும், எங்களுக்கு ஏன் என்று கேட்பீர்கள். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் அந்த மாநிலத்தில் அதுதான் சட்டம். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் இதே அவை இதே சன்ஹிதாவைத் திருத்தி ஒரு மசோதா நிறைவேற்றியது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்து வருடத்திலிருந்து பதினான்கு வருடமாக ஏற்றப்பட்டது. பேனா 64-ஆம் பிரிவு வரை வந்தது. ஒரு பிரிவு முன்னால் இருக்கும் அந்த வரியின் மேல் படவில்லை.

டெல்லிக்காகக் காத்திருக்கும் வழக்கம் இந்த அவைக்குக் கிடையாது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று இங்கே 1989-இல் திருத்தினோம், டெல்லிக்கு அது 2005-இல்தான் தோன்றியது. ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரி 23-இல் ஒன்றியச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒரே நாளில் நிறைவேறியது. தை மாதம் முடிவதற்குள் ஒப்புதலும் வந்தது. காளைக்குக் காட்டிய அவசரத்தில் கால்வாசி போதும். ஒப்புதல் வராது என்கிறீர்களா? நீட் விலக்கு மசோதா திரும்பி வந்தபோது 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினீர்கள். வராது என்று தெரிந்தும் அனுப்ப உங்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த உதாரணம் 1967. அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய திருத்தம். அதில் புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். பெண்ணும் பிள்ளையும் தங்களுக்குப் புரியும் மொழியில், இவரைக் கணவராக, இவரை மனைவியாக ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்ற வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும். ஏதாவது ஒன்று போதும். "புரியும் மொழியில்" என்ற அந்த இரண்டு சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கல்யாண மேடையில் பெண்ணின் வாய்ச்சொல்லே திருமணம் என்று எழுதி வைத்த மாநிலம் இது. அன்று ராத்திரியே அவள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்ற இன்னொரு சட்டத்தை வாய் மூடி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பொய்ப் புகார் வரும் என்பார்கள். வரும். நிலத் தகராறில் வராத பொய்ப் புகாரா? அதற்காகத் திருட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது என்பார்கள். பிரிந்து வாழும் மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் இரண்டு முதல் ஏழு வருடம் சிறை என்று 67-ஆம் பிரிவு இப்போதே சொல்கிறது. அதற்கு மட்டும் சாட்சி எங்கிருந்து வருகிறது? அவளுக்குத் தனி வீடு இருந்தால் குற்றம், ஒரே கூரை என்றால் குற்றமில்லை. இதில் சாட்சி பற்றிய கவலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான தயக்கம் வேறு. "அவரு உள்ள போயிட்டா புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுறது?" நான் சந்தித்த பெண்களில் ஸ்டேஷன் படி ஏறக்கூடியவர்கள் மிகக் குறைவு. தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. பதினான்கு வருடம் என்று கேட்டாலே பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். கணவனுக்கு 67-ஆம் பிரிவு அளவு தண்டனை வைத்தால் என்ன என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். சண்டைக்கு வந்துவிட்டாள். தண்டனை குறைந்தால் குற்றமும் குறைந்தது என்று ஆகிவிடும் அத்தை, மனைவி என்றால் இளப்பமா என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. நீங்கள் குழு போட்டுப் பேசுங்கள், எங்களைப் போன்றவர்களையும் கூப்பிடுங்கள். ஆனால் எத்தனை வருடம் என்ற கேள்வி பிறகு வருவது. அது குற்றமே இல்லை என்று சொல்லும் வரி முதலில் போக வேண்டும்.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இஷ்டமில்லாதபோது கணவனிடம் முடியாது என்று சொல்ல முடியும் என நூற்றுக்கு 82 பெண்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்தது. இப்படிக் கணக்கெடுக்கும் வேலையை நானும் பார்த்தவள்தான், அதனால் சொல்கிறேன். சொல்ல முடியுமா என்று கேட்டால் முடியும் என்பார்கள். சொன்னால் எடுபடுமா என்று அடுத்த கேள்வி அங்கே கிடையாது. அதே கணக்கெடுப்பில் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 29.3. எல்லாக் குறியீட்டிலும் முன்னால் நிற்கிறோம் என்று பேசும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தாரா கருத்தடை ஊசி வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "புள்ள வராது, சரி. அவரு வராம இருக்க ஊசி இருக்கா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, பெண்களுக்கு இதில் விருப்பமே கிடையாது, பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. ஆசையைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி, தனக்காகத் தோன்றும்போது கணவரைத் தொட்டால், "இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்கிறார் என்றாள். வேண்டாம் என்றாலும் தப்பு, வேண்டும் என்றாலும் சந்தேகம். இதை வெளியே பேசினால் என்ன ஆகும் என்று 2005-இல் பார்த்தோம். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகையில் குஷ்பு கருத்துச் சொன்னதற்கு இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள். எல்லாவற்றையும் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு அவரையே கட்சிகள் வரிசையாக மேடையேற்றிக்கொண்டன. அந்த ஐந்து வருடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆண்கள்மேல் நாட்டமே கிடையாது, கூடப் படித்த பெண்ணைத்தான் பிடித்திருந்தது. வீட்டில் தெரிந்ததும் இரண்டே மாதத்தில் தாய்மாமன் மகனுக்குக் கட்டி வைத்தார்கள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று. ஒருவரின் நாட்டத்தை மாற்றுகிறேன் என்று சிகிச்சை நடத்துவதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. அது டாக்டருக்கு. கல்யாணத்தையே சிகிச்சையாகக் கொடுப்பவர்களை எந்தச் சட்டம் கேட்கும்? தினமும் ராத்திரி அந்தச் சிகிச்சை நடக்கும். அதை வல்லுறவு என்று பெயர் சொல்லி முறையிட அவளுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவளுக்கு நான் நாலு சீட்டு எழுதினேன். ஐந்தாவதுக்கு வரவில்லை. ஊரை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று தெரியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். 63-ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று ஒரு வரித் திருத்தம். உங்கள் அவையில் ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவந்து, அதன்மேல் ஒரு மணி நேரம் பேசுங்கள். நேரலையில் பேசுங்கள். எங்கள் ஊரில் டீக்கடை டிவியில் ஓடட்டும்.

போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மாவுக்கும் நான் சீட்டு எழுதியிருக்கிறேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், முத்திரையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"பழைய சீட்டு ஏதாவது கிடந்தா குடுங்க நர்சம்மா. அவரு தேதியெல்லாம் பார்க்க மாட்டாரு."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.